முதல் ஹமோன் வாங்கப் போகிறீர்களா? குளம்பை விடுங்கள், பட்டையைப் பாருங்கள்

ஸ்பெயினின் செவில்லுக்கு வேலைக்கு வந்த முதல் டிசம்பரில், ஆபீஸில் எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் கூடை கொடுத்தார்கள். நம்மூரில் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பது மாதிரிதான். கூடையில் ஒயின், தூரோன் மிட்டாய், அதோடு துணியுறை போட்ட, ஹமோன் வகையில் உப்பிட்டு உலர்த்திய ஒரு பன்றிக் கால், குளம்போடு. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் பிரிட்ஜின் இரண்டு தட்டுகளைக் கழற்றி, காலைச் சுற்றிலும் பிளாஸ்டிக் தாள் இறுக்கி, உள்ளே நிறுத்தினேன். பத்து நாள் கழித்து எடுத்தால் மேலெல்லாம் வியர்த்துக் கிடக்கிறது, வெட்டிய இடம் வழவழவென்று புளித்த வாடை. பாதிக்கு மேல் குப்பைக்குப் போனது.

அடுத்த வருஷம் சொந்தக் காசில் வாங்கினேன். கடைக்காரர் கறுத்த குளம்பைத் தட்டிக் காட்டி "பாத்தா நெக்ரா" என்றார். கறுப்புக் கால் என்று பொருள். உயர்ந்த ரகம் என்பதற்கு இங்கே அதுதான் பேச்சு வழக்கு. 290 யூரோ கொடுத்தேன். கணுக்காலில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டை வெள்ளை நிறம். வெள்ளை என்றால் என்ன என்று எனக்குத் தெரியவந்தபோது எலும்புதான் மிஞ்சியிருந்தது.

ஸ்பெயினுக்குப் புதிதாக வருகிற உங்களுக்கு இந்த இரண்டு நஷ்டமும் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். உப்புக்கண்டம் தெரிந்தவர்களுக்கு ஹமோனை நீட்டி விளக்க வேண்டியதில்லை. பன்றியின் பின்னங்காலை உப்பில் புதைத்து, கழுவி, வருஷக்கணக்கில் தொங்கவிட்டுக் காற்றில் உலர்த்துவார்கள். புகை போடுவதில்லை, வேகவைப்பதும் இல்லை. மெல்லியதாகச் சீவி அப்படியே தின்பது. கீழே சொல்வதெல்லாம் இபேரிகோ என்ற பன்றி இனத்திலிருந்து வரும் ரகத்தைப் பற்றி. அதிகக் காசு போவதும் அதிகம் ஏமாறுவதும் அதில்தான்.

1. முதலில் வீட்டில் எத்தனை வாய் என்று எண்ணுங்கள்

கடையில் தொங்கும் காலைப் பார்த்ததும் ஆசை வரும். அதற்கு முன்னால் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். வெட்டத் தொடங்கிய காலை மூன்று, நான்கு வாரத்துக்குள் முடிப்பது நல்லது. அதற்கு மேல் போனால் கெட்டுவிடும் என்றில்லை. காய்ந்து, கொழுப்பு காறல் அடித்து, கொடுத்த காசுக்கான ருசி போய்விடும்.

விலை முழுக் காலின் எடைக்கு. குளம்பு, எலும்பு, தோல், மேல்கொழுப்பு எல்லாம் அந்த எடையில் சேர்த்தி. பின்னங்காலில் வாய்க்குப் போவது 40 முதல் 50 சதவீதம்தான். கிலோ 40 யூரோ என்று 7.5 கிலோ கால் வாங்கினால் 300 யூரோ. 45 சதவீதம் தேறினால் கறி ஏறக்குறைய 3.4 கிலோ. அப்படியானால் நீங்கள் உண்மையில் கொடுப்பது கிலோவுக்கு 89 யூரோ. அதே தரத்தில் சீவிய 100 கிராம் பொட்டலம் 9 அல்லது 10 யூரோவுக்குக் கிடைத்தால், முழுக் காலில் பெரிய லாபம் ஒன்றும் இல்லை.

பலேத்தா என்பது முன்னங்கால். விலை மலிவு, எடையும் 4, 5 கிலோதான். ஆனால் உள்ளே தோள்பட்டை எலும்பு அகலமாக இருக்கும். கறி 35 சதவீதத்தைத் தாண்டுவது கஷ்டம், வெட்டுவதும் கஷ்டம். புதியவர்கள் "சின்னதுதானே, பழகிக்கொள்ளலாம்" என்று இதில்தான் ஆரம்பிக்கிறார்கள். கத்தி பழக இதைவிட மோசமான கால் கிடையாது. விலைச்சீட்டில் "ஹமோன்" என்றிருக்கிறதா "பலேத்தா" என்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. கூடைகளில் வருவது பெரும்பாலும் பலேத்தாதான். எனக்கு வந்ததும் அதுவே.

என் அபிப்பிராயம்: இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்குப் பொட்டலம் போதும். நான்கு பேர், வாரக் கடைசியில் நண்பர்கள் வருவார்கள் என்றால் பின்னங்கால் வாங்கலாம். மூன்றாவதாக ஒரு வழி உண்டு, நான் இப்போது செய்வது அதைத்தான்: முழுக் காலை நாமே தேர்ந்தெடுத்துக் கடையிலேயே கத்தியால் சீவித் தரச் சொல்வது. 100 கிராம் பொட்டலங்களாகக் காற்று உறிஞ்சி அடைத்து, எலும்பையும் துண்டு போட்டுத் தருவார்கள். போன முறை கூலி 40 யூரோ ஆனது. டிசம்பரில் இதற்கு ஒரு வாரம், பத்து நாள் காத்திருக்க வேண்டும், நவம்பரிலேயே சொல்லிவையுங்கள்.

2. பட்டையின் நிறம்: இதை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்

இபேரிகோ கால் ஒவ்வொன்றிலும், பன்றியை அறுக்கும் இடத்திலேயே, எண்ணிட்ட பிளாஸ்டிக் பட்டை ஒன்று மாட்டப்படும். பெயர் பிரெசிந்தோ. ஒரு முறை பூட்டினால் அறுக்காமல் கழற்ற முடியாது. 2014ஆம் ஆண்டின் அரசாணை 4 அதற்கு நான்கு நிறங்களை வைத்திருக்கிறது.

கறுப்பு: தாய் தந்தை இரண்டும் முழு இபேரிகோ இனம், கடைசி மாதங்களில் ஓக் மரக் காட்டில் கொட்டை பொறுக்கித் தின்று கொழுத்த பன்றி. லேபிளில் "பெயோத்தா 100% இபேரிகோ" என்றிருக்கும். "பாத்தா நெக்ரா" என்ற சொல்லைச் சட்டப்படி இதற்கு மட்டும்தான் பயன்படுத்தலாம்.

சிவப்பு: இதுவும் பெயோத்தா, அதாவது ஓக் கொட்டை தின்றதுதான். ஆனால் கலப்பினம், 75 அல்லது 50 சதவீதம் இபேரிகோ. தாய் முழு இபேரிகோ. தந்தை வழியில் தூரோக் என்ற வேறொரு பன்றி இனத்தின் ரத்தம்.

பச்சை: சேபோ தே காம்போ. வெளியில் திரிந்தாலும் தீவனத்தையும் புல்லையும் நம்பி வளர்ந்தது.

வெள்ளை: சேபோ. பண்ணையில் தீவனம் தின்று வளர்ந்தது.

பச்சையிலும் வெள்ளையிலும் கூட 100, 75, 50 என்று இன அளவு வரும். அதனால் "100% இபேரிகோ" என்ற பெரிய எழுத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அது பிறப்பைச் சொல்கிறது, தின்றதைச் சொல்வதில்லை. முழு இபேரிகோவாகப் பிறந்து தீவனம் தின்றே வளர்ந்த பன்றிக்கும் வெள்ளைப் பட்டைதான்.

எனக்கு நடந்தது இதுதான். குளம்பு கறுப்பு என்பது உண்மை, கடைக்காரர் பொய் சொல்லவில்லை என்று அவர் வாதிடலாம். கலப்பினப் பன்றிக்கும் கறுத்த குளம்பு இருக்கும். அன்று நான் நிறம் பார்த்தேன், தவறான இடத்தில் பார்த்தேன்.

வெள்ளைப் பட்டை மோசம் என்று சொல்லவரவில்லை. 150 யூரோவுக்கு வாங்கினால் நியாயமான சாப்பாடு. சிவப்பின் விலை கொடுத்து வெள்ளையை வாங்குவதுதான் தப்பு.

பட்டை எண்ணைச் சரிபார்க்க ஒரு செயலி இருக்கிறது; இபேரிகோ துறையின் கூட்டமைப்பான ஆசிசி வெளியிட்டது, பெயரும் "இபேரிகோ" என்றே. பட்டையில் உள்ள கோட்டுக் குறியைப் படம் பிடித்தால் அந்தக் காலின் விவரம் வரும். கடைக்காரர் முன்னாலேயே செய்யுங்கள். நல்ல கடைக்காரர் சிரித்துக்கொண்டு காலைத் திருப்பிக் காட்டுவார்.

3. லேபிளில் மற்ற வரிகள், தோற்றப் பெயர்

நிறத்துக்கு அடுத்து லேபிள். மூன்று விஷயம் வரிசையாக இருக்க வேண்டும்: ஹமோனா பலேத்தாவா, என்ன தின்றது, இன சதவீதம். சான்று கொடுத்த நிறுவனத்தின் பெயரும் இருக்கும். "ரெசேபோ" என்று யாராவது விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள். அந்த வகையே இப்போது சட்டத்தில் இல்லை.

இவற்றுக்கு மேல் சில கால்களில் இன்னொரு முத்திரை இருக்கும். அதுதான் தோற்றப் பெயர்ப் பாதுகாப்பு, இங்கே டி.ஓ.பி. என்பார்கள். நம்மூர்ப் புவிசார் குறியீட்டின் கண்டிப்பான அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இபேரிகோவுக்கு நான்கு இருக்கின்றன: வெல்வா மலைப்பகுதியின் ஹபூகோ, சலமாங்காவின் கிஹுவேலோ, எக்ஸ்த்ரெமதூராவின் தெஹேசா தே எக்ஸ்த்ரெமதூரா, கோர்தோபாவின் வடக்கில் லோஸ் பெத்ரோசெஸ். எங்கே உலர்த்தியது என்பதை ஒரு தனிக் குழு மேற்பார்த்திருக்கிறது என்பதற்கு அந்த முத்திரை சாட்சி. கிஹுவேலோ ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில் குளிரில் காய்வது, உப்பு சற்றுக் குறைவாக இருக்கும். ஹபூகோவுக்கு வாசனை கூடுதல் என்பது என் நாக்கின் தீர்ப்பு. இந்த ஊர்க்காரன் ஆகிவிட்டதால் சார்பு இருக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். டி.ஓ.பி. முத்திரை இருந்தாலே ஓக் கொட்டை தின்றது என்று பொருளல்ல. அதற்கும் பட்டை நிறம்தான் பதில். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

பட்ஜெட் இடிக்கிறதா? வெள்ளைப் பன்றியில் (வெள்ளைப் பட்டை அல்ல, இபேரிகோ அல்லாத சாதாரணப் பன்றி) தெருவேல் டி.ஓ.பி. இருக்கிறது. காலின் தோலில் எட்டு முனை நட்சத்திரமும் "தெருவேல்" என்ற பெயரும் சூடு போட்டிருக்கும். பின்னங்காலுக்குக் குறைந்தது 60 வாரம் பதப்படுத்துகிறார்கள். முதல் காலுக்கு இதை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். வெட்டிக் கெடுத்தாலும் மனசு அவ்வளவு வலிக்காது.

4. எடையும் காலமும்

இது சின்னக் கணக்கு, ஆனால் பொய்யைப் பிடிக்க உதவும். இபேரிகோ பின்னங்கால் 7 கிலோவுக்குக் குறைவு என்றால் குறைந்தது 600 நாள், 7 கிலோவும் அதற்கு மேலும் என்றால் 730 நாள், பலேத்தா என்றால் 365 நாள் பதப்படுத்தியிருக்க வேண்டும். பெயோத்தா பன்றிகளை அறுப்பது டிசம்பர் 15 முதல் மார்ச் 31 வரை மட்டுமே. அதற்கு முன் குறைந்தது 60 நாள் காட்டில் மேய்ந்து 46 கிலோ கூடியிருக்க வேண்டும். அதனால் "ஒரு வருஷம் மட்டும் காய்ந்த பெயோத்தா ஹமோன், இளசு" என்று யாராவது விற்றால் அது நடக்காத காரியம். நல்ல கால்கள் மூன்று வருஷம், அதற்கு மேலும் தொங்கியவை.

எடையிலும் ஒரு வரம்பு உண்டு. முழு இபேரிகோ பின்னங்கால் 5.75 கிலோவுக்குக் குறையக் கூடாது. கலப்பினம் 7 கிலோவுக்குக் குறையக் கூடாது. இணையத்தில் "6 கிலோ இபேரிகோ 50%" என்று பார்த்தால் பக்கத்தை மூடிவிடுங்கள்.

5. கடையில் நிற்கும்போது

கட்டைவிரலால் கொழுப்பை அழுத்துங்கள். ஓக் கொட்டை தின்றதன் கொழுப்பு மெத்தென்று உள்வாங்கும், விரலில் எண்ணெய் மாதிரி பளபளக்கும். கல்லாட்டம் இருந்தால் கேள்வி கேளுங்கள். மேலே வெள்ளையும் சாம்பலுமாகப் பூஞ்சை படிந்திருந்தால் பயப்பட வேண்டாம், எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போகும்.

பெரிய தொகை கொடுக்கப் போகிறீர்கள் என்றால் "காலா" போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காலா என்பது எலும்பில் செதுக்கிய, ஊசிபோல் கூர்ந்த குச்சி. கடைக்காரர் அதை எலும்பு மூட்டுக்குப் பக்கத்தில் குத்தி, சட்டென்று உருவி, மூக்கின் கீழே பிடிப்பார். ஒரு நொடிதான், வாசனை பறந்துவிடும். பிறகு துளையைப் பன்றிக் கொழுப்பால் விரலால் அடைப்பார். உள்ளே எலும்பை ஒட்டி அழுகல் இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, அந்தக் குச்சிக்குத்தான் தெரியும். எனக்கும் ஒரு தடவை முகரக் கொடுத்தார்கள்: வறுத்த முந்திரி, கொஞ்சம் ஈரமண்.

பில் வாங்குங்கள். பில்லில் வெறும் "ஹமோன்" என்று போடாமல் வகையும் எடையும் கிலோ விலையும் எழுதச் சொல்லுங்கள். வரி 10 சதவீதம், சொன்ன விலையில் சேர்ந்தே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் பட்டை, லேபிள், பில் மூன்றையும் ஒரே படமாக எடுத்துவையுங்கள். பாதி வெட்டிய பின் உள்ளே கெட்டிருப்பது தெரிந்தால் நல்ல கடைகள் மாற்றிக் கொடுக்கும், ஆனால் பட்டை காலிலேயே இருக்க வேண்டும். என் நண்பர் ஒருவர் வெட்ட இடைஞ்சலாக இருக்கிறதென்று முதல் நாளே பட்டையை அறுத்து எறிந்துவிட்டுப் போய் நின்றார். எந்தக் கடையிலும் அதற்கு மேல் பேச்சு நகரவில்லை.

6. வெட்டுவது

இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்குங்கள். தேவையானவை: காலை இறுக்கிப் பிடிக்கும் தாங்கி (ஹமோனெரோ), நீளமான, வளையக்கூடிய மெல்லிய கத்தி, எலும்போரம் போகக் குட்டைக் கத்தி, தீட்டும் கம்பி, வெட்டுத் தாங்கும் கையுறை ஒன்று. எனக்கு எல்லாம் சேர்த்து 70 யூரோவுக்குள் முடிந்தது. ஆடும் தாங்கியை மட்டும் வாங்காதீர்கள். கால் வழுக்கினால் கத்தி வருவது உங்கள் கைக்குத்தான்.

எந்தப் பக்கம் ஆரம்பிப்பது? ஒரே விருந்தில் தீரும் என்றால் குளம்பு மேல் பார்த்திருக்கட்டும். மாசா எனப்படும் சதைப்பற்றுள்ள பக்கம் மேலே வரும். வீட்டில் நாள்கணக்காகச் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் குளம்பு கீழ் நோக்கட்டும். மெலிந்த பாபியா பக்கம் சீக்கிரம் காய்வதால் அதை முதலில் தீர்த்துவிட வேண்டும். நான் இதைத் தலைகீழாகச் செய்து, கடைசியில் பாபியாவைக் கடித்தபோது கருவாட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கணுக்காலுக்குக் கீழே, சதை தொடங்கும் பக்கம், ஆழமாக ஒரு குறுக்கு வெட்டு போடுங்கள். அன்றைக்குச் சாப்பிடும் அளவுக்கு மட்டும் தோலையும் மஞ்சள் கொழுப்பையும் சீவுங்கள். மஞ்சள் கொழுப்புதான் காறல், வெள்ளைக் கொழுப்பை விட்டுவையுங்கள், ருசி அங்கேதான். பிறகு கத்தியைப் படுக்கையாக வைத்து, அழுத்தாமல், ரம்பம் மாதிரி முன்னும் பின்னும். துண்டு ஐந்தாறு சென்டிமீட்டர் நீளம். கத்தியின் நிழல் துண்டின் வழியே தெரிய வேண்டும். வெட்டும் பரப்பு எப்போதும் தட்டையாக இருக்கட்டும். நடுவில் குழி விழுந்தால் அப்புறம் எல்லாம் கட்டை கட்டையாகத்தான் வரும். இன்னொரு கை எப்போதும் கத்திக்குப் பின்னால். இடுப்பெலும்பு தட்டுப்பட்டதும் குட்டைக் கத்தியால் அதைச் சுற்றிக் கீறிவிட்டு மேலே போங்கள்.

உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிந்தால் புழு முட்டை என்று நினைத்து அலறாதீர்கள் (நான் அலறினேன்). அது டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் படிகம்; நன்றாக, நிதானமாகப் பதமானதற்கு அடையாளம்.

7. வைத்திருப்பது

முழுக் கால் பிரிட்ஜுக்குள் போகக் கூடாது. அடுப்பும் வெயிலும் படாத, காற்றோட்டமான மூலையில் தாங்கியிலேயே இருக்கட்டும். வெள்ளைக் கொழுப்பில் இரண்டு அகலத் துண்டு சீவி எடுத்து வெட்டிய இடத்தின் மேல் போர்த்தி, அதற்கு மேல் பருத்தித் துணி. பிளாஸ்டிக் தாள் சுற்றினால் வியர்க்கும். பக்கத்து வீட்டுப் பாட்டி என் பிரிட்ஜைத் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டது அதற்காகத்தான். மறுநாள் வெட்டும்போது முதல் சீவலை எறிந்துவிட்டுத் தொடருங்கள்.

பொட்டலங்களுக்கு பிரிட்ஜ் சரி. சாப்பிட அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்துவையுங்கள். குளிரில் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழியும்.

ரத்தக் கொதிப்பு இருப்பவர்கள் உப்பைக் கணக்கில் வையுங்கள். இது வேகாத இறைச்சி என்பதால் கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

8. எல்லை தாண்டும்போது

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள், பாரிஸ் சித்தப்பாவுக்கோ ஜெர்மனி நண்பருக்கோ, சொந்த உபயோகத்துக்குக் கொண்டுபோக ஒரு காகிதமும் வேண்டாம். கத்தியை மட்டும் கைப்பையில் வைத்துவிடாதீர்கள்.

லண்டன் அக்காவுக்கு என்று நினைத்தால் நிறுத்துங்கள். 2025 ஏப்ரல் 12 முதல் ஒன்றியத்திலிருந்து பன்றி, மாடு, ஆட்டிறைச்சியைப் பயணிகள் கிரேட் பிரிட்டனுக்குக் கொண்டுபோகத் தடை வந்தது. கடையில் அடைத்த பொட்டலமா, விமான நிலையக் கடையில் வாங்கியதா என்ற பேதமில்லை; சாண்ட்விச்சுக்குள் இருந்தாலும் தடைதான். பறிமுதல் நிச்சயம், இங்கிலாந்தில் அபராதம் 5,000 பவுன் வரை போகலாம். சுவிட்சர்லாந்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ இறைச்சி வரை வரியில்லை. முழுக் கால் எடுத்துப்போனால் கணக்கு எகிறும்.

இந்தியாவுக்கு வேண்டாம். இறைச்சிப் பொருள்களுக்குக் கால்நடைத் துறையின் சுகாதார இறக்குமதி அனுமதி வேண்டும். சுங்கப் படிவத்தில் இறைச்சி இருக்கிறதா என்று தனியாகவே கேட்பார்கள். ஒரு பொட்டலத்துக்காகச் சென்னை விமான நிலையத்தில் நிற்பதற்கு, அம்மாவுக்குத் தூரோன் மிட்டாய் வாங்கிப் போகலாம்.

இன்னொரு விஷயம். 2025 நவம்பரில் பார்சலோனா பக்கம் காட்டுப்பன்றிகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதருக்குத் தொற்றாது, ஆனால் ஒன்றியத்துக்கு வெளியே பல நாடுகள் உடனே கெடுபிடி போட்டன. எனவே போன வருஷம் நண்பர் கொண்டுபோனார் என்பதை நம்பிக் கிளம்பாமல், போகும் நாட்டின் சுங்கத் துறைப் பக்கத்தைப் பயண வாரத்தில் ஒரு முறை பாருங்கள்.

9. எலும்பு

எறியாதீர்கள், அதற்கும் கிலோவுக்கு 40 யூரோ கொடுத்திருக்கிறீர்கள். இறைச்சிக் கடையில் கேட்டால் ரம்பத்தில் நான்கைந்து துண்டாக அறுத்துத் தருவார்கள். குளம்புப் பக்கத்தையும் காறல் கொழுப்பையும் நீக்கிவிட்டு, ஒவ்வொரு துண்டாக உறைபெட்டியில் போடுங்கள். இந்த ஊரில் பருப்பு, கொண்டைக்கடலைக் குழம்புக்கு ஒரு துண்டு போடுவார்கள். நான் துவரம்பருப்போடு குக்கரில் போட்டுப் பார்த்தேன். பூண்டும் காய்ந்த மிளகாயும் தாளித்தால் அபாரம். முதல் தடவை மட்டும் வழக்கம்போல ஒரு ஸ்பூன் உப்பைப் போட்டுவிட்டேன், வாயில் வைக்க முடியவில்லை. உப்பே போடாமல் வேகவையுங்கள். இறக்கிய பிறகு ருசி பார்த்துக்கொள்ளலாம்.